முதலில் நாள்காட்டி, அப்புறம்தான் வீடு: ஹவுஸ் சிட்டிங் செய்து மாதக்கணக்கில் வெளிநாட்டில் தங்குவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நானும் என் கணவரும் பணி ஓய்வு பெற்ற பிறகு, 2023-லிருந்து வருடத்தில் ஏறக்குறைய பாதி நாள் வெளிநாட்டில் இருக்கிறோம். ஹோட்டலில் தங்குவது அபூர்வம். ஊருக்குப் போகும் யாரோ ஒருவருடைய வீட்டில் தங்கி, அவர்களுடைய நாயையும் பூனையையும் தோட்டத்தையும் பார்த்துக்கொள்கிறோம். எங்களிடம் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட். ஸ்ரீரங்கத்துக்குத் திரும்பும்போதெல்லாம் உறவினரும் நண்பர்களும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருப்பதால், பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். விசா விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை. டிக்கெட் எடுக்கும் முன் அந்தந்த நாட்டு அரசின் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஹவுஸ் சிட்டிங் என்றால் என்ன? முன்பின் தெரியாதவர்களிடம் வீட்டுச் சாவியை எப்படிக் கொடுக்கிறார்கள்?

வீட்டுக்காரர் இரண்டு வாரமோ இரண்டு மாதமோ வெளியூர் போகிறார். செல்லப்பிராணியைக் காப்பகத்தில் விட்டால் செலவும் அதிகம், அதுவும் ஏங்கிப்போகும். அதனால் நம்பகமான ஒருவர் வீட்டிலேயே வந்து தங்கினால் தேவலை என்று நினைக்கிறார். நமக்கு வாடகை இல்லை, அவர் சம்பளம் கொடுப்பதும் இல்லை. பிரிட்டனில் இன்னொரு காரணமும் உண்டு. வீடு தொடர்ந்து பல வாரம் பூட்டிக் கிடந்தால் பல காப்பீட்டுத் திட்டங்களில் பாதுகாப்பு குறைந்துவிடும். பனிக்காலத்தில் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்தால் கவனிக்க ஆள் வேண்டுமே.

இரு தரப்பையும் சேர்த்துவைக்க இணையதளங்கள் இருக்கின்றன. 2010-ல் பிரிட்டனின் பிரைட்டனில் தொடங்கிய டிரஸ்டட் ஹவுஸ் சிட்டர்ஸ் பெரியது. பிரெஞ்சு வீடுகளுக்கு நொமடார், ஆஸ்திரேலியாவுக்கு ஆஸி ஹவுஸ் சிட்டர்ஸ், நியூசிலாந்துக்குக் கிவி ஹவுஸ் சிட்டர்ஸ் என்று தனித்தனியாகவும் உண்டு. பெரும்பாலானவற்றில் வருடச் சந்தா கட்ட வேண்டும். நம்பிக்கை என்பது மெள்ள மெள்ள வளர்வது: அடையாளச் சரிபார்ப்பு, முன்பு தங்கிய வீட்டுக்காரர்கள் எழுதிய கருத்துகள், வீடியோ அழைப்பு என்று மூன்று படி தாண்டித்தான் சாவி கைக்கு வரும்.

எங்கிருந்து தொடங்குவது? நல்ல வீடாகப் பார்த்துப் பிடிப்பதா, விசா எடுப்பதா?

இரண்டுமே அப்புறம். முதலில் ஒரு நாள்காட்டியை எடுத்து மேஜைமேல் விரியுங்கள். எந்த நாட்டில் எத்தனை நாள் இருக்க அனுமதி என்று குறியுங்கள். அந்தக் கட்டங்களுக்குள் எந்த வீடு பொருந்துகிறதோ அதற்கு மட்டும் விண்ணப்பியுங்கள்.

புதிதாக வருபவர்கள் இதைத் தலைகீழாகச் செய்வதைத்தான் அடிக்கடி பார்க்கிறேன். தோட்டமும் நீச்சல்குளமும் உள்ள வீட்டின் படத்தைப் பார்த்து மயங்கி "வருகிறோம்" என்று வாக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அப்புறம்தான் விசாவில் நாள் போதாது என்று தெரிகிறது. அந்த வீட்டுக்காரர் நம் வார்த்தையை நம்பி விமான டிக்கெட் எடுத்திருப்பார். நம்மால் வர முடியாமல் போனால் அவருடைய பயணமும் அந்த நாயின் பாடும் சேர்ந்து கெடும்.

ஷெங்கன் 90/180 விதியை எளிமையாகச் சொல்ல முடியுமா?

ஷெங்கன் என்பது உள் எல்லைச் சோதனை இல்லாமல், ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டுப் பகுதி. அதில் இப்போது 29 நாடுகள். குரோஷியா 2023 ஜனவரியில் சேர்ந்தது. பல்கேரியாவும் ருமேனியாவும் 2024 மார்ச்சில் விமான, கடல் வழிகளுக்கும் 2025 ஜனவரியில் தரைவழிக்கும் சேர்ந்தன. ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாத சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் ஆகியவையும் இதற்குள்தான். ஒன்றியத்தில் இருந்தாலும் அயர்லாந்து இதில் இல்லை. இந்த 29-ஐயும் ஒரே நாடாக நினைத்துக்கொள்ளுங்கள். பிரான்சில் 40 நாள், ஸ்பெயினில் 40 நாள் என்றால் கணக்கில் 80 நாள் போயிற்று.

விதி இதுதான்: எந்த ஒரு நாளில் நின்று பார்த்தாலும், அந்த நாளையும் சேர்த்துப் பின்னோக்கி 180 நாள் எண்ணினால், ஷெங்கனுக்குள் இருந்த நாள்கள் 90-ஐத் தாண்டக் கூடாது. நுழைந்த நாளும் கணக்கு, வெளியேறிய நாளும் கணக்கு. இரவு 11.50-க்கு இறங்கினாலும் அது ஒரு முழு நாள்தான்.

ஒரே மூச்சில் இருப்பவருக்குக் கணக்கு சுலபம். மார்ச் 1 நுழைந்தால் மே 29 உங்கள் 90-ஆவது நாள். அன்று வெளியேற வேண்டும். மறுபடி நுழையக்கூடிய முதல் நாள் ஆகஸ்ட் 28. நடுவில் 90 நாள் வெளியே.

பிரித்துப் பிரித்துப் போகும்போதுதான் தலை சுற்றும். மார்ச் 1 முதல் ஏப்ரல் 20 வரை இருந்தீர்கள் என்று வையுங்கள்: 31-உம் 20-உம் 51 நாள். பிறகு ஷெங்கனில் இல்லாத அல்பேனியா போய்விட்டு ஜூன் 10 திரும்புகிறீர்கள். "ஏழு வாரம் வெளியே இருந்தோமே, கணக்கு புதிதாகத் தொடங்கும்" என்று பலர் நினைக்கிறார்கள். தொடங்காது. ஜூன் 10-லிருந்து பின்னோக்கி 180 நாள் எண்ணினால் டிசம்பர் 13 வரை போகும். அந்த 51 நாளும் அப்படியே உள்ளே இருக்கிறது. மீதி 39 நாள். அதாவது ஜூலை 18 அன்று வெளியேற வேண்டும். ஜூலை 20 வரை ஆள் வேண்டும் என்று கேட்கும் வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் அது உங்களுக்கு இல்லை.

ஐரோப்பிய ஆணையத்தின் இணையதளத்திலேயே இதற்கான கணக்கீட்டுக் கருவி இருக்கிறது. நான் அதில் போட்டும் பார்ப்பேன், நோட்டில் கையால் எழுதியும் பார்ப்பேன். இரண்டும் ஒன்றாக வந்தால்தான் டிக்கெட். அதிலும் கடைசி ஐந்து நாளைத் தொடவே மாட்டோம். 90 என்று சட்டம் சொன்னால் எங்கள் வீட்டுக் கணக்கு 85.

ஒன்றிரண்டு நாள் கூடினால் என்ன ஆகிவிடப் போகிறது?

முத்திரையை விரலால் தடவித் தேடிய காலம் போய்விட்டது. 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் நுழைவு, வெளியேற்றப் பதிவு படிப்படியாக மின்னணு முறைக்கு மாறத் தொடங்கியது. முகப் படம், நுழைந்த தேதி, வெளியேறிய தேதி எல்லாம் கணினியில் ஏறுகின்றன. நாள் தாண்டினால் அதுவே காட்டிக்கொடுக்கும். அபராதம், நுழைவுத் தடை, அடுத்த விசா மறுப்பு என்று எதுவும் வரலாம். எது வரும் என்பது நாட்டையும் எத்தனை நாள் தாண்டினீர்கள் என்பதையும் பொறுத்தது. நம் பாஸ்போர்ட்டில் ஒவ்வொரு விசாவும் முந்தைய பயணத்தின் நன்னடத்தையை வைத்துத்தான் கிடைக்கிறது. ஒரு நாளைக்காக அதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

பல வருட ஷெங்கன் விசா கிடைத்தால் 90 நாள் வரம்பு போய்விடுமா?

போகாது. இந்தத் தவறான நம்பிக்கை நிறையப் பேரிடம் இருக்கிறது. இரண்டு வருட விசா என்பது இரண்டு வருடத்தில் எத்தனை முறை வேண்டுமானாலும் போய்வரலாம் என்பதற்குத்தான். ஒவ்வொரு 180 நாளிலும் 90 நாள் என்பது மாறாது. விசாவில் "தங்கும் நாள்கள்" என்ற கட்டத்தில் 90-க்குக் குறைவான எண் இருந்தால் அந்த எண்தான் உங்கள் வரம்பு. முதல் முறை போகிறவர்களுக்குப் பல சமயம் 15, 20 நாள்தான் தருவார்கள். அதையும் கவனியுங்கள்.

ஆனாலும் பல வருட விசாவுக்காகக் காத்திருப்பது நல்லது. 2024 ஏப்ரலில் ஐரோப்பிய ஆணையம் இந்தியாவில் வசிக்கும் இந்தியருக்கென்று ஒரு விதி கொண்டுவந்தது: கடந்த மூன்று வருடத்தில் இரண்டு விசா வாங்கி ஒழுங்காகப் பயன்படுத்தியிருந்தால் இரண்டு வருட விசாவுக்கு வழி, அதன் பிறகு பாஸ்போர்ட்டில் காலம் இருந்தால் ஐந்து வருட விசா. நாங்கள் முதல் இரண்டு பயணத்தையும் சாதாரணச் சுற்றுலாவாகவே வைத்துக்கொண்டோம். தொடர்ச்சியாக வீடு ஏற்றுக்கொண்டது அதற்கப்புறம்தான். உங்களுக்கும் அதையே சொல்வேன்.

கையோடு சில எண்கள்: பெரியவர்களுக்கு விசாக் கட்டணம் 90 யூரோ, அதற்குமேல் விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. பாஸ்போர்ட் பத்து வருடத்துக்குள் வாங்கியதாக, திரும்பும் தேதிக்குப் பிறகு மூன்று மாதம் செல்லுபடியாவதாக, இரண்டு வெற்றுப் பக்கத்தோடு இருக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கோடைக்குப் போவதென்றால் சென்னையில் நேரம் கிடைப்பது கஷ்டம், அதனால் முந்திக்கொள்ளுங்கள்.

ஷெங்கனுக்கு வெளியே இருக்க வேண்டிய 90 நாளை எங்கே கழிப்பது?

ஊருக்குத் திரும்புவது ஒரு வழி. பேரப்பிள்ளைகள் இருப்பதால் நாங்கள் பாதி முறை அதைத்தான் செய்கிறோம்.

அங்கேயே பக்கத்தில் இருக்க வேண்டுமென்றால், கையில் இருக்கும் விசாவே சில கதவுகளைத் திறக்கும். பல நுழைவு ஷெங்கன் விசா வைத்திருந்து அதை ஒருமுறை பயன்படுத்தியும் இருந்தால் அல்பேனியாவில் 90 நாள் வரை தனி விசா இல்லாமல் இருக்கலாம். செர்பியா 2023 முதல் இந்தியருக்கான விசா விலக்கை நிறுத்திவிட்டது. ஆனால் செல்லுபடியாகும் ஷெங்கன், பிரிட்டன், அமெரிக்க விசா இருந்தால் 90 நாள் வரை விடுகிறார்கள். அங்கே போய் 24 மணி நேரத்துக்குள் தங்கும் இடத்தைப் பதிவு செய்ய வேண்டும். ஹோட்டலில் அவர்களே செய்துவிடுவார்கள், தனி வீடென்றால் வீட்டுக்காரர் செய்ய வேண்டும். மாண்டெனெக்ரோவில் இதே விசாக்களின் பேரில் 30 நாள். துருக்கிக்கு இணையத்தில் மின்விசா, அதுவும் 30 நாள், ஒரே நுழைவு.

ஒரு எச்சரிக்கை. ஷெங்கன் விசா ஒற்றை நுழைவாக இருந்தால், ஷெங்கனை விட்டு வெளியேறிய கையோடு அது முடிந்துவிடும். திரும்பி உள்ளே வர முடியாது.

அல்பேனியா, செர்பியா போன்ற பால்கன் நாடுகளில் ஹவுஸ் சிட்டிங் வீடுகள் குறைவு. நாங்கள் அங்கே வாடகைக்குத்தான் எடுக்கிறோம். மாத வாடகை மேற்கு ஐரோப்பாவைவிடக் கைக்கு அடக்கம். வேலை ஏதுமில்லாமல் காலையில் சந்தைக்குப் போய்த் தக்காளியும் கத்தரிக்காயும் வாங்கிவரும் அந்த வாரங்கள் எங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.

பிரிட்டன்?

வீடுகள் அதிகம் கிடைப்பது அங்கேதான். ஷெங்கனில் சேராததால் அங்கே இருக்கும் நாள் 90-இல் சேராது. பார்வையாளர் விசாவில் ஒரு தடவைக்கு ஆறு மாதம் வரை இருக்கலாம். இரண்டு, ஐந்து, பத்து வருட விசாவும் உண்டு, அதிலும் ஒரு தடவைக்கு ஆறு மாதம்தான். "பன்னிரண்டு மாதத்தில் 180 நாள்" என்று பலர் சொல்லும் வரம்பு சட்டத்தில் இல்லை. சட்டம் சொல்வது, அடிக்கடி வந்து அதையே வசிப்பிடமாக ஆக்கிக்கொள்ளக் கூடாது என்பது. ஆறு மாதம் இருந்துவிட்டு ஒரு வாரம் பாரிஸ் போய்த் திரும்பினால் அதிகாரி நியாயமாகவே சந்தேகப்படுவார்.

சம்பளம் வாங்கவில்லையே, அப்புறம் ஏன் ஹவுஸ் சிட்டிங்கை "வேலை" என்கிறார்கள்?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும்.

சுற்றுலா விசாவில் வேலை செய்யக் கூடாது என்பது எல்லா நாட்டுக்கும் பொது. எது வேலை என்பதில்தான் நாட்டுக்கு நாடு வித்தியாசம். நியூசிலாந்தின் விதியில் வேலை என்றால் ஆதாயத்துக்காகவோ வெகுமதிக்காகவோ செய்யும் செயல். பணமாக மதிப்பிடக்கூடிய தங்குமிடமும் சாப்பாடும் அந்த ஆதாயத்தில் அடக்கம். அதாவது சம்பளமே இல்லாவிட்டாலும் இலவசமாகத் தங்குவதே கூலி ஆகிவிடலாம். ஆஸ்திரேலியாவில், "வழக்கமாக ஊதியம் பெறும் செயல்" எதுவும் வேலை. காசு கொடுத்து நாய் பார்த்துக்கொள்ள ஆள் வைப்பது அங்கே வழக்கம் என்பதை மறக்காதீர்கள். கனடாவில், கூலி வாங்கும் செயலோடு, உள்ளூர்க்காரரின் வேலைக்கு நேரடிப் போட்டியாகும் செயலும் வேலைதான். ஷெங்கனில் விசா பொது என்றாலும் வேலை பற்றிய சட்டம் அந்தந்த நாட்டினுடையது. பிரிட்டனின் பார்வையாளர் விதியும் வேலை செய்வதைத் தடுக்கிறது. அதில் ஹவுஸ் சிட்டிங்கைப் பேர் சொல்லி அனுமதிக்கும் வரி எதுவும் இல்லை.

அமெரிக்காவில் நடந்தது பத்திரிகைகளில் வந்தது. 2022-ல் ஆஸ்திரேலியப் பெண் ஒருவர் கனடாவில் பூனை பார்த்துக்கொள்ளப் போகும் வழியில் லாஸ் ஏஞ்சல்ஸில் இறங்கினார். தங்க இடம் கிடைப்பதற்குப் பதிலாகப் பூனையைப் பார்த்துக்கொள்வது விசா விலக்கின் நிபந்தனைக்குப் பொருந்தாது என்று எல்லை அதிகாரிகள் அவரை உள்ளே விடவில்லை, ஊருக்கே திருப்பி அனுப்பினார்கள். அவர் போக நினைத்தது கனடாவுக்கு, அமெரிக்கா வெறும் வழி.

"யாரும் கண்டுகொள்வதில்லை, நட்புக்காகத் தங்குகிறோம் என்று சொல்லிவிடுங்கள்" என்று இணையத்தில் நிறைய அறிவுரை கிடைக்கும். அதைச் சொல்பவர்களில் பெரும்பாலோர் கையில் இருப்பது விசா தேவைப்படாத பாஸ்போர்ட். மறுத்தால் அவர்களுக்கு ஒரு பயணம் போகும். நமக்கு அதன்பின் எழுதும் ஒவ்வொரு விசா விண்ணப்பத்திலும் "இதற்கு முன் நுழைவு மறுக்கப்பட்டதா?" என்ற கேள்விக்கு ஆம் என்று எழுத வேண்டிவரும்.

நாங்கள் கடைப்பிடிப்பது ஒன்றே: எந்த நாட்டின் எல்லைக் கவுண்டரில் உண்மையை அப்படியே சொல்ல முடியாதோ, அந்த நாட்டில் வீடு ஏற்பதில்லை. அதனால் அமெரிக்காவிலும் நியூசிலாந்திலும் இதுவரை ஒரு வீட்டுக்கும் விண்ணப்பிக்கவில்லை. மகளைப் பார்க்க அமெரிக்கா போனபோது மகள் வீட்டில்தான் இருந்தோம்.

சரி, எல்லையில் கேட்டால் நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

இருப்பதைத்தான். "சுற்றிப் பார்க்க வந்திருக்கிறோம். முதல் மூன்று வாரம் இந்த முகவரியில் தங்குகிறோம், வீட்டுக்காரர் ஊருக்குப் போகிறார், அவருடைய நாய் எங்களோடு இருக்கும், பணம் எதுவும் வாங்கவில்லை. அதன் பிறகு இந்த ஊர், திரும்பும் டிக்கெட் இது." கேட்ட கேள்விக்கு மட்டும் பதில், கேட்காததை வளர்ப்பதில்லை. ஒரு கோப்பில் திரும்பும் டிக்கெட், காப்பீடு, வங்கிக் கணக்கு, ஓய்வூதியத் தாள், ஸ்ரீரங்கம் வீட்டு வரி ரசீது எல்லாம் இருக்கும். வீடு ஏற்பதற்கு முன்பே அந்த நாட்டுத் தூதரகத்துக்கு எழுதிக் கேட்டு, வந்த பதிலையும் அதில் வைத்திருப்போம். வேண்டாம் என்று பதில் வந்தால் அந்த நாட்டை விட்டுவிடுவோம். இப்படித் தாள் சேர்ப்பது தலைவலி என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள், ஆனால் கவுண்டரில் கை நடுங்காமல் நிற்க அந்தத் தாள்தான் உதவுகிறது.

விசா விண்ணப்பத்தில் தங்குமிடம் என்று ஹவுஸ் சிட்டிங் வீட்டைக் காட்டலாமா?

முதல் விண்ணப்பத்தில் வேண்டாம். தனியார் வீட்டில் தங்குவதாகச் சொன்னால் பிரான்சுக்கு வீட்டுக்காரர் நகராட்சியில் போய் வரவேற்புச் சான்று வாங்கித் தர வேண்டும். இத்தாலிக்கும் விருந்தோம்பல் அறிவிப்பு வேண்டும். முகம் பார்க்காத ஒருவர் நமக்காக இதற்கெல்லாம் அலைய மாட்டார். உண்மையாகவே தங்கப்போகும் ஹோட்டல், வாடகை வீடு ஆகியவற்றோடு ஒரு நிஜமான பயணத்துக்கு விண்ணப்பியுங்கள். விசா கைக்கு வந்ததும் ரத்து செய்யும் எண்ணத்தோடு போலியாக முன்பதிவு செய்து காட்டுவது என் பார்வையில் பொய்தான். அந்தப் பழக்கத்தில் இறங்காதீர்கள்.

வீட்டுக்காரர் சொன்ன நாளில் திரும்பாவிட்டால்?

எங்களுக்கு நடந்திருக்கிறது. போர்ச்சுகலின் அலென்டெஜோ பகுதியில் ஒரு கிராமம். வழியெல்லாம் மின்கம்பத்தின்மேல் நாரைக் கூடு, வீட்டைச் சுற்றி ஆலிவ் மரம். பதினான்கு வயது நாய் ஒன்று, காது கேட்காது. காலையும் மாலையும் இருதய மாத்திரை. அதைப் பாலாடைக்கட்டிக்குள் பொதித்து, மேலே இன்னொரு துண்டை அப்பி, உருட்டிக் கொடுக்க வேண்டும். ஒரு பக்கம் மாத்திரை வெளியே தெரிந்தாலும் கட்டியைத் தின்றுவிட்டு மாத்திரையை மட்டும் தரையில் துப்பிவிடும். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த தாளில் நேரம் போட்டு நாங்கள் குறித்துக்கொண்டே வந்தோம்.

வீட்டம்மா திரும்ப வேண்டியதற்கு முந்தின இரவு செய்தி வந்தது: விமானம் ரத்து, நான்கு நாள் ஆகும். எங்கள் ஷெங்கன் கணக்கில் மீதி இரண்டு நாள். அந்த ஒரு பயணத்தில்தான் ஐந்து நாள் ஒதுக்கும் எங்கள் வழக்கத்தை மீறியிருந்தோம், வீடு அவ்வளவு பிடித்துவிட்டது. நல்லவேளையாக வந்த முதல் நாளே, "நாங்கள் இன்ன தேதிக்கு மேல் சட்டப்படி இருக்க முடியாது, அப்படி ஆனால் யாரைக் கூப்பிடுவது?" என்று கேட்டு, பக்கத்து வீட்டுப் பாட்டியின் எண்ணை வாங்கி வைத்திருந்தோம். மறுநாள் பாட்டி வந்து சமையலறையில் உட்கார்ந்தார். பாலாடைக்கட்டி உருட்டுவதை மூன்று முறை செய்து காட்டினேன், மூன்றாவது முறை அவரே உருட்டினார். எங்களுக்குப் பொதுவான மொழி எதுவும் கிடையாது. கிளம்பும்போது பாட்டி கையை நீட்டி "ஷாவ்" என்றார். சாவியைத்தான் கேட்கிறார் என்று உடனே புரிந்துவிட்டது. நம் சாவி, மேஜை, ஜன்னல், அலமாரி எல்லாம் போர்ச்சுகீசியர் விட்டுப்போன சொற்கள்தானே.

அதன்பிறகு ஒவ்வொரு வீட்டிலும் ஏற்கும் முன்பே எழுத்தில் மூன்று விஷயம் கேட்டுவிடுகிறோம்: நாங்கள் வெளியேறியே ஆக வேண்டிய தேதி இது, சம்மதமா? தாமதமானால் மாற்று ஆள் யார்? கால்நடை மருத்துவர் எண்ணும், செலவுக்கு ஒப்புதலும் எங்கே? இதற்குச் சுணங்கும் வீட்டுக்காரரிடம் நாங்கள் போவதில்லை.

கருத்துகளே இல்லாத புதியவர்களுக்கு முதல் வீடு எப்படிக் கிடைக்கும்?

சென்னை, பெங்களூரில் தெரிந்தவர்களின் நாயைப் பார்த்துக்கொண்டு அவர்களிடம் சான்று எழுதி வாங்குங்கள். அப்புறம், யாரும் அதிகம் விரும்பாத தேதிக்கும் ஊருக்கும் போங்கள்: நவம்பர் மாத இங்கிலாந்துக் கிராமத்து வீடுகளுக்குப் போட்டி குறைவு. விண்ணப்பத்தில் அந்த வீட்டுப் பிராணியின் பெயரைச் சொல்லி எழுதுங்கள். கிராமத்து வீடென்றால் கார் தேவைப்படும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிவிடுங்கள், ஒரு வருடம் செல்லும்.

நாங்கள் சைவம். சமையலும் பிராணிகளும் ஒத்துவருமா?

நாங்களும் சைவம்தான். பூனை மாமிசம் இல்லாமல் வாழவே முடியாத பிராணி, அதற்குப் பருப்புச் சாதம் போட்டுப் பழக்கலாம் என்று நினைப்பது அதற்குக் கொடுமை. டப்பாவைத் திறந்து வைக்க மனம் ஒப்பாவிட்டால் முயல், கோழி, வெறும் தோட்டம் உள்ள வீடுகளைத் தேடுங்கள். பச்சை இறைச்சி தின்னும் நாய்கள் உள்ள வீட்டை நாங்கள் முதலிலேயே மறுத்துவிடுவோம்.

சமையலில் மூன்று விஷயம். கடுகு தாளித்தால் புகை எச்சரிக்கை மணி அலறும், ஜன்னலைத் திறந்துவிட்டுத் தாளியுங்கள். குக்கர் விசிலுக்குச் சில நாய்கள் நடுநடுங்கிப் போகும், அந்த வீடுகளில் பாத்திரத்திலேயே வடித்துவிடுவேன். மஞ்சள் தூள் வெள்ளைக் கல் மேடையில் பட்டால் கறை போகவே போகாது. நான் அடுப்புப் பக்கத்தில் ஒரு தட்டு வைத்து, கரண்டியை அதில்தான் வைப்பேன்.

உடம்புக்கு ஏதாவது வந்தால்?

அறுபது தாண்டியவர்களுக்குப் பயணக் காப்பீட்டில் ஏற்கெனவே உள்ள நோய்களுக்குப் பாதுகாப்பு பெரும்பாலும் கிடைக்காது. தாளின் சிறு எழுத்தைப் படியுங்கள். நாய் இழுத்து விழுந்து கை முறிவது இந்த வழியில் நிஜமான ஆபத்து, என் கணவருக்கு மணிக்கட்டு சுளுக்கிப் பத்து நாள் கட்டோடு இருந்தார். அதிலிருந்து பெரிய நாய் இரண்டு இருந்தால் போவதில்லை. மாத்திரைகளை மருத்துவச் சீட்டோடு, கைப்பையில், முழுப் பயணத்துக்கும் எடுத்துச் செல்லுங்கள்.

நம் ஊர் வீடு, ஓய்வூதியம், வங்கி?

எங்கள் வீட்டு மாடியில் குடியிருப்பவர்கள்தான் எங்களுக்கு ஹவுஸ் சிட்டர். வெள்ளிக்கிழமை கீழே வந்து விளக்கேற்றி, குழாயைத் திறந்துவிட்டு, துளசிக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, இணையத்தில் கட்டிவிடுகிறோம். கேஸை ரெகுலேட்டரோடு கழற்றி வைப்போம்.

ஓய்வூதியர்கள் நவம்பரில் கொடுக்கும் உயிர்வாழ்வுச் சான்றை ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டியே முடிக்கலாம். வங்கிக் குறுஞ்செய்தி வரும் சிம்மைச் சாக விடாதீர்கள். ரோமிங் இயக்கி, குறைந்தபட்ச ரீசார்ஜ் போட்டு வையுங்கள். எனக்கு ஒருமுறை அது நின்றுபோய், இங்கிலாந்தில் உட்கார்ந்துகொண்டு சொந்தக் கணக்கைத் திறக்க முடியாமல் பன்னிரண்டு நாள் தவித்தேன்.

90 நாளே வேண்டாம், ஒரு வருடம் ஒரே நாட்டில் இருக்க வழி உண்டா?

உண்டு. போர்ச்சுகல், ஸ்பெயின், பிரான்ஸ் போன்றவை நிலையான வருமானம் உள்ளவர்களுக்கு நீண்டகால விசா தருகின்றன. அந்த நாட்டில் அந்த விசாவில் இருக்கும் நாள் 90-இல் சேராது. ஆனால் வாடகை ஒப்பந்தம் அல்லது சொந்த முகவரி காட்ட வேண்டியிருக்கும், இரண்டு வாரத்துக்கு ஒரு வீடு மாறும் எங்கள் வாழ்க்கைக்கு அது பொருந்தாது.

இலங்கை, கனடா பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு?

இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கும் ஷெங்கன் விசா தேவை, 90/180 அதேதான். மேலே சொன்ன 2024 விதி இந்தியருக்கு மட்டும். கனடா, பிரிட்டன் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டாம், ஆனால் 90 நாள் வரம்பு அவர்களுக்கும் உண்டு. பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு விலகிய பிறகு இதை மறந்து மாட்டிக்கொண்ட உறவினர் எங்களுக்கே இருக்கிறார்.

வீட்டை விட்டுக் கிளம்பும் நாளில் என்ன செய்கிறீர்கள்?

படுக்கை விரிப்பைத் துவைத்துக் காயப்போடுவோம். குளிர்சாதனப் பெட்டியில் பாலும் ரொட்டியும் புதிதாக வாங்கி வைப்போம், பயணக் களைப்பில் வருபவர்களுக்கு அதுதான் முதலில் தேவை. பிராணி கடைசியாகச் சாப்பிட்ட நேரம், மாத்திரை கொடுத்த நேரம், உடைந்த பாத்திரம் ஏதாவது இருந்தால் அதுவும், ஒரு தாளில் எழுதி மேஜைமேல். முடிந்தால் அவர்கள் கதவைத் தட்டும் வரை இருந்து, நாய் வாலாட்டி ஓடுவதைப் பார்த்துவிட்டுத்தான் பையைத் தூக்குவோம்.